மூன்று நாய்களும் ஒரு நெல் குவியலும்

ஐம்பத்திரண்டு வயதில், கல்லூரி நூலகம் ஒன்றுக்குப் பொறுப்பான மனிதன், விடிந்தும் விடியாத நேரத்தில், உறவும் இல்லாத பழக்கமும் அதிகமில்லாத ஒரு பெண்மணியின் நெல் குவியல் மேல் ஏறி, உச்சியில் வெறுங்காலோடு நின்றேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏறியது மூன்று நாய்களுக்குப் பயந்து. ஏறிய வேகத்தில், குவியலை மூடியிருந்த தார்ப்பாயையும் சரித்துவிட்டேன். அந்த நெல்லுக்கு அன்று காலையில் எடை. பத்து நாள் காத்திருந்து கிடைத்த முறை. வெளுக்க வேண்டிய கிழக்கு கறுத்துக்கொண்டிருந்தது. நனைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்பது எங்கள் பக்கத்தில் பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும்.

இந்த உயரத்துக்கு நான் வந்து சேர்ந்த கதை ஒரு மருத்துவரிடம் தொடங்குகிறது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்றார் அவர். நடங்கள் என்றுதான் சொன்னார். ஓடச் சொல்லவில்லை. ஆனால் தஞ்சாவூரில் காலையில் நடக்கிற எல்லோருக்கும் சர்க்கரை இருக்கிறது, அது ஊருக்கே தெரியும். நடந்தால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் ஆகிவிடுவேன். ஓடினால் விளையாட்டு வீரன். இப்படி யோசிக்கிற மூளைக்குச் சர்க்கரை போதவில்லை என்றே நான் நினைத்திருக்க வேண்டும்.

நூலகக்காரனின் வழக்கப்படி முதலில் படித்தேன். ஓட்டத்தைப் பற்றி மூன்று புத்தகங்கள், எல்லாம் வெளிநாட்டில் அச்சானவை. குதிகால் எப்படிப் படவேண்டும், மூச்சை எங்கே விடவேண்டும், முழங்கால் எத்தனை கோணத்தில் மடங்கவேண்டும் என்பதெல்லாம் படத்தோடு இருந்தன. நாய் ஒரே ஒரு படத்தில் வந்தது. ஓடுகிறவரின் பக்கத்தில், கழுத்துப்பட்டையோடு, சிரித்த முகமாக அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடி ஷூ அனுப்பினாள். எங்கள் ஊர் வயல்வெளியில் அந்த நிறத்தில் அதற்கு முன் எதுவும் நடமாடியதில்லை.

எங்கள் வீடு தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் சாலையில், ஒரு வாய்க்கால் பாலத்தை ஒட்டி இருக்கிறது. பாலத்திலிருந்து உள்ளே பிரியும் தார்ச்சாலைதான் என் ஓடுதளம். இரண்டு பக்கமும் வயல், இடது பக்கம் கூடவே வரும் வாய்க்கால், ஒன்றரைக் கிலோமீட்டரில் ஒரு டீக்கடை. போய்த் திரும்பினால் மூன்று கிலோமீட்டர். மூன்று கிலோமீட்டரை நிற்காமல் ஓடிவிடுவது என்பது என் லட்சியம்.

முதல் வாரத்தில் என்னை நிறுத்தியது நாய்கள் அல்ல, மனிதர்கள். எங்கள் ஊரில் பெரிய மனிதன் ஒருவன் ஓடுகிறான் என்றால் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். பின்னால் வரும் இருசக்கர வண்டி ஒவ்வொன்றும் நின்றது.

"யாருக்கு என்னா சார் ஆச்சு? ஏறுங்க."

"ஒண்ணும் ஆகல. சும்மா ஓடுறேன்."

"சும்மாவா?"

அந்தச் 'சும்மாவா'வில் இருக்கிற இரக்கத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஒருநாள் பால் கேன்களோடு போய்க்கொண்டிருந்தவர் வண்டியை நிறுத்தியபோது, விளக்கம் சொல்ல மூச்சு இல்லாமல், பேசாமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கைபேசியில் இருந்த ஓட்டச் செயலி அன்று என் வேகத்தைப் பார்த்து வாழ்த்துச் சொன்னது.

பிறகு தை பிறந்தது. சம்பா அறுவடை. சாலையில் பாதியை நெல் எடுத்துக்கொண்டது. வெயில் ஏறியதும் காயவைப்பதற்காகச் சாலை நெடுக நெல்லை மூடிப் போட்டிருப்பார்கள், மீதிப் பாதியில் வைக்கோல் கட்டு, அதற்கும் மிஞ்சியதில் நான். எதிரே அறுவடை இயந்திரம் வந்தால் அந்த மிச்சமும் கிடையாது. வாய்க்கால் சரிவில் இறங்கி, அது கடக்கும் வரை ஒரு நாணல் புதரைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஓட்டுபவர் மேலேயிருந்து என் ஷூவைப் பார்த்துக்கொண்டே போவார்.

இதெல்லாம் அசௌகரியம். பயம் என்று சொல்வதென்றால், அது பாலத்திலிருந்து முக்கால் கிலோமீட்டரில் இருந்த நெல் கொள்முதல் களத்தில் இருந்தது.

அறுவடைக் காலத்தில் அந்த சிமெண்ட் களம் நிறையக் குவியல்கள் இருக்கும். ஊர் முழுக்க ஒரே வாரத்தில் அறுத்துக் கொண்டுவந்து கொட்டினால் வரிசை நீளத்தானே செய்யும். முறை வரும் வரை நெல்லுக்குச் சொந்தக்காரர்கள் அங்கேயே பாயைப் போட்டுப் படுத்திருப்பார்கள். அவர்கள் மிச்சம் வைக்கிற சோற்றுக்காக மூன்று நாய்கள் அங்கே குடியேறியிருந்தன. ஒன்று செவலை, காது கிழிந்தது, அதுதான் தலைவர். ஒன்று கறுப்பு, சத்தமே போடாமல் பின்பக்கமாக வரும் சுபாவம். மூன்றாவது வெள்ளையில் திட்டுத்திட்டாக, தூரத்தில் நின்று குரைத்தே காரியத்தை முடிக்கும் வகை.

நாயைச் சமாளிப்பது எப்படி என்று கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். கண்ணைப் பார்க்காதே என்றார் ஒருவர். கண்ணையே பார் என்றார் அவர் தம்பி. குனிந்து கல்லை எடுப்பதுபோல் பாவனை செய் என்று பலரும் சொன்னார்கள். செய்து பார்த்தேன். எங்கள் பக்கம் முழுக்கக் காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல். இருபது கிலோமீட்டருக்குத் தேடினாலும் எறிவதற்கு ஒரு கல் கிடைக்காது. இது அந்த நாய்களுக்கும் தெரியும். நான் குனிந்து நிமிர்வதை மூன்றும் உட்கார்ந்து பார்த்தன, அடுத்தது என்ன செய்யப்போகிறான் என்கிற மாதிரி.

வழி சொன்னவர் களத்தில் நெல்லோடு இருந்த ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும். அவருடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு நட்ட நிலத்தையே இப்போது அவர் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார். கணவர் கேரளாவில் கட்டட வேலை. நாற்று விட்டதிலிருந்து களத்தில் கொண்டுவந்து கொட்டியது வரை எல்லாம் இவர்தான்.

"நீங்க ஏன் சார் அதுங்க கிட்ட வரையில ஓடுறீங்க?"

"ஓடத்தாங்க வர்றேன்."

"நெல்லு கெடக்குற எடத்துல ஓடுறவன் எவனும் நல்லதுக்கு ஓடுறதில்ல. அதுங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். இந்தக் களம் வந்ததும் நடங்க. தாண்டிட்டு ஓடிக்கிங்க."

அப்படியே செய்தேன். களம் வருவதற்கு நூறடி முன்னால் ஓட்டத்தை நிறுத்தி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வயல் பார்க்க வந்த மிராசுதார்போல நடப்பேன். செவலை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துக்கொள்ளும். களம் தாண்டியதும் மறுபடி ஓட்டம். உடன்படிக்கை ஒன்பது நாள் இரு தரப்பாலும் மதிக்கப்பட்டது. இதனால் என் மூன்று கிலோமீட்டர் லட்சியம்தான் கெட்டது. நடுவில் நடந்தால் அது நிற்காமல் ஓடியதாகாது. செயலிக்கு இந்த விஷயத்தில் தாட்சண்யமே இல்லை.

பத்தாம் நாள் சாயங்காலம் கல்லூரியிலிருந்து திரும்பி டீக்கடைப் பக்கம் போனபோது அந்த அம்மா களத்து ஓரத்தில் நின்று கூப்பிட்டார். முகத்தில் பத்து நாள் பனியும் வெயிலும் தெரிந்தன, கூடவே ஒரு நிம்மதியும்.

"ஈரம் பாத்துட்டாங்க சார். சரியா இருக்கு. காலைல மொத எடை நம்மளுதுதான்."

"அப்ப இன்னிக்கு ராத்திரியோட சரி."

"மழைதான் வராம இருக்கணும். கெழக்க ஒரு மாதிரியா இருக்கு. நனைஞ்சுதுன்னா மறுபடி காயப்போட்டு, மறுபடி வரிசைல கடைசி. இன்னொரு பத்து நாள் இதுல எனக்குத் தெம்பு இல்ல சார்."

பேசிக்கொண்டே குவியலைச் சுற்றிச் சாம்பலால் குறி போட்டுக்கொண்டிருந்தார். நெல்லை வழித்துச் சீராக்கி, மேலே வரிசையாகச் சாம்பல் கோடு இழுப்பது. இரவில் யாராவது ஒரு கை அள்ளினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பிறகு தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரங்களில் மண் நிரப்பிய சாக்குகளை வைத்தார். நானும் ஒரு சாக்கைத் தூக்கி வைத்தேன். மறுநாள் காலையில் அதே சாக்கை நானே உருட்டித் தள்ளப்போகிறேன் என்று யார் கண்டது.

மறுநாள் ஐந்தரைக்குக் கிளம்பினேன். காற்று இல்லை. பனியும் இல்லை, அதுவே சரியில்லாத அறிகுறி. தை மாதத்தில் பனி இல்லையென்றால் மேகம் இருக்கிறது என்று பொருள். அதை யோசிக்கும் நிலையில் நான் இல்லை. ஏனென்றால் கால்கள் அன்று சொன்னபடி கேட்டன. போகும்போது களத்தைக் கடக்க வேண்டிய நேரத்தில் ஒரு டிராக்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதன் மறைவில், நாய்கள் பார்க்காமல், ஓடியபடியே தாண்டிவிட்டேன். டீக்கடையைத் தொட்டுத் திரும்பினேன். நிற்கவில்லை. உள்ளே நாலைந்து பேரோடு அந்த அம்மா கையில் டம்ளருடன் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு லட்சியம் எட்டுகிற தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

களத்துக்கு நூறடி முன்னால், நடக்க வேண்டிய இடம் வந்தது.

நடந்திருக்கலாம். ஒன்பது நாள் நடந்தவன்தானே. ஆனால் இன்னும் முக்கால் கிலோமீட்டர்தான் பாக்கி, நடந்தால் எல்லாம் போச்சு, நாளை இந்தக் கால்கள் இப்படிக் கேட்குமா என்ற கணக்கெல்லாம் அந்த நூறடிக்குள் நடந்தன. களமும் காலியாகத் தெரிந்தது. மற்றவர்களின் நெல் முந்தின நாளே போய்விட்டது, வரிசையில் அடுத்தவர்கள் விடிந்த பிறகுதான் நெல்லைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒரு குவியல்தான் பாக்கி, அந்த அம்மாவுடையது. நாய்களைக் காணோம். சத்தம் வராமல் முன்பாதத்தில் ஓடினால் தெரியாது என்று நினைத்தேன். புத்தகத்தில் போட்டிருந்தது.

செவலை குவியலின் மறைவிலிருந்து எழுந்து வந்தது. குரைக்கவில்லை. நேரே ஓடிவந்தது. கறுப்பு எங்கே என்று திரும்பினேன். எதிர்பார்த்த இடத்தில், எனக்குப் பின்னால், சாலை நடுவில் இருந்தது. வெள்ளை பாலத்துப் பக்கம் நின்று ஊரைக் கூட்டியது. முன்னால் போக முடியாது, பின்னால் போக முடியாது. வலது பக்கம் வாய்க்கால், முழங்கால் அளவு சேறு. இடது பக்கம் களம். களத்தில் உயரமான பொருள் ஒன்றே ஒன்று.

குவியலை நோக்கி ஓடினேன். அடியை எட்டியபோது செவலை பத்தடியில் இருந்தது. அங்கே நான் செய்ததை இப்போதும் யாரிடமும் பெருமையாகச் சொல்ல முடியவில்லை. நின்றேன். குனிந்தேன். ஷூவின் நாடாவை அவிழ்த்தேன்.

நெல்லைக் காலணியோடு மிதிக்கக் கூடாது. அதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாகக்கூட நினைவில்லை. இந்த மண்ணில் பிறந்தவனுக்கு அது எச்சில் கையால் எதையும் தொடக்கூடாது என்பதுபோல உடம்பிலேயே இருக்கிறது. சாமி இல்லை, சடங்கு இல்லை என்று கல்லூரிக் காலத்தில் மேடையில் பேசியவன் நான். ஆனால் கடிக்க வருகிற நாய்க்கு முன்னால் ஒரு காலில் நின்று, இரட்டை முடிச்சுப் போட்டிருந்த நாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். செவலையே திகைத்து நின்றுவிட்டது. அது துரத்தியவர்களில் யாரும் இப்படி அவகாசம் எடுத்துக்கொண்டதில்லை போலும். இரண்டாவது ஷூவைக் கழற்றும்போது அது சுதாரித்துக்கொண்டு உறுமியது. ஷூக்களைக் கீழேயே விட்டுவிட்டு ஏறினேன்.

நெல் குவியலில் ஏறியவர்களுக்குத்தான் தெரியும், அது ஏற விடாது. ஓரடி வைத்தால் முக்கால் அடி சறுக்கும். அதன் மேல் தார்ப்பாய், அதன் மேல் நான். நாலு காலில் தவழ்ந்தேன். பாதி உயரத்தில் தார்ப்பாய் என்னோடு சேர்ந்து கீழே வரத் தொடங்கியது. மண் சாக்குகள் உருண்டன. நான் அதை விட்டுவிட்டு நெல்லையே பற்றிக்கொண்டு உச்சிக்குப் போனேன். திரும்பிப் பார்த்தால், தார்ப்பாய் முழுவதும் சுருண்டு, சாலைப் பக்கச் சரிவின் அடியில், நாய்களின் காலடியில் கிடந்தது. குவியல் திறந்து கிடந்தது. சாம்பல் குறி இருந்த இடத்தில் என் தடம்.

கணுக்காலுக்கு மேல் நெல்லில் புதைந்து நின்றேன். உள்ளே முந்தின நாள் வெயில் இன்னும் இருந்தது, வெதுவெதுப்பாக. காய்ந்த நெல்லின் சுணை முழங்கால் வரை அரித்தது. கீழே செவலை குவியலைச் சுற்றி வந்தது. கறுப்பு என் ஒரு ஷூவைக் கவ்விக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனது. அப்போது கைபேசி ஒலித்து, என் ஓட்டம் தானாக நிறுத்தப்பட்டுவிட்டதாக அறிவித்தது.

கிழக்கே ஒரு மின்னல், சத்தம் இல்லாமல்.

அதுவரை என் கெண்டைக்கால் சதையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மின்னல் வெளிச்சத்தில், திறந்து கிடந்த நெல் ஒருமுறை மஞ்சளாகப் பளிச்சென்று தெரிந்தது. பத்து நாள். மொத எடை. இன்னொரு பத்து நாள் தெம்பு இல்லை. டீக்கடைப் பக்கம் பார்த்துக் கத்தினேன். என் குரல் நூலகத்தில் பழகிய குரல். நாய்களுக்கே அது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம்.

மனைவிக்குப் போன் செய்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"களத்துல. நெல்லு மேல."

"நெல்லு மேல என்ன பண்றீங்க?"

"நாய் சுத்தி நிக்குது. கீழ எறங்க முடியல. மழை வரப்போகுது. அந்தம்மா நெல்லு தொறந்து கெடக்கு. அவங்க டீக்கடைல இருக்காங்க. கடைக்குப் போன் பண்ணி உடனே வரச்சொல்லு."

"டீக்கட நம்பரு எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான தெனம் ஓடிப்போயி அங்க வடை தின்னுட்டு வர்றீங்க."

இது அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. பேசுவதற்கு அது நேரமும் இல்லை.

"வண்டிய எடுத்துக்கிட்டுப் போய்ச் சொல்லிடறேன். கடிச்சுதா?"

"இல்ல."

"பெறகென்ன, நெல்ல மூடுங்க."

வைத்துவிட்டாள். அவள் கிளம்பிப் பாலம் தாண்டி டீக்கடை போய்ச் சேர ஏழெட்டு நிமிடமாவது ஆகும். முதல் துளி என் கையில் விழுந்தது. கனமான துளி. இரண்டாவது நெல்லில் விழுந்தது, விழுந்த இடம் கறுத்தது. மூன்றாவதை எண்ணவில்லை.

இறங்கினேன். தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மேலே நின்று அந்த நெல் புள்ளி புள்ளியாகக் கறுப்பதைப் பார்ப்பதைவிடக் கீழே போய்க் கடி வாங்குவது சுலபமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். உட்கார்ந்தபடி சறுக்கினேன். செவலை ஓடிவந்தது. கால் தரையில் படும்போது அதன் மூச்சு என் முழங்காலில் பட்டது. கண்ணைப் பார்ப்பதா கூடாதா என்று அண்ணனும் தம்பியும் சொன்னது இரண்டும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. எதையும் பார்க்காமல் தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.

கனம். மழைநீரும் மண்ணும் ஏறிய பழைய தார்ப்பாய். இழுத்தேன், வரவில்லை. திரும்பிப் பார்த்தால் மறுமுனையைச் செவலை கவ்விக்கொண்டிருந்தது. நான் இழுக்க, அது நான்கு காலையும் ஊன்றிப் பின்னால் இழுக்க, மழை இருவர் மேலும் விழ, கொஞ்ச நேரம் அப்படியே போயிற்று. என் கை வழுக்கியது. அந்த நேரத்தில் என்னையறியாமல், களத்தில் சுமை தூக்குபவர்கள் போடுகிற ஓர் அதட்டல் என் வாயிலிருந்து வந்தது. "ஏய், விடு" என்று. செவலை விட்டுவிட்டது. ஓரடி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. தார்ப்பாயை இழுத்து நெல்லை மூடுகிற மனிதர்களை அது தினமும் பார்த்திருக்கிறது. ஓடுகிறவனைத்தான் அதற்குப் பிடிக்காது. வேலை செய்கிறவன் மேல் அதற்கு ஒரு தகராறும் இல்லை.

ஒரு பக்கத்தை எப்படியோ ஏற்றினேன். அதை மேலே பிடித்துக்கொண்டால் இந்தப் பக்கம் சரிகிறது. இந்தப் பக்கம் சாக்கை வைக்க வந்தால் அந்தப் பக்கம் சரிகிறது. இரண்டு ஆள் வேலையை ஓர் ஆள் செய்வதில் உள்ள சிக்கல் அது. பாதி மூடியது, பாதி மூடவில்லை. மூடாத பாதியின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். இதனால் எத்தனை நெல் காப்பாற்றப்பட்டது என்று கேட்காதீர்கள். வயிறு இருக்கிற அளவுக்கு.

கொஞ்சம் முன்னால் நிற்காமல் டீக்கடைப் பக்கம் பறந்த வண்டியின் சத்தம் சாலையில் திரும்பிவந்தது. என் மனைவி ஓட்ட, பின்னால் அந்த அம்மா. வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து இறங்கி ஓடிவந்தார். நாய்கள் ஒன்றும் செய்யவில்லை என்பதை அப்போதும் கவனித்தேன். ஒரு முனையை அவர், இன்னொரு முனையை என் மனைவி, ஒரே உதறலில் தார்ப்பாய் குவியலின் மேல் விரிந்து விழுந்தது. என் மேலும் விழுந்தது. அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தேன்.

மழை பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. வெறும் மேக மழை. அந்த அம்மா தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார். கையை நெல்லுக்குள் முழங்கை வரை விட்டு, ஒரு பிடி எடுத்து, முகர்ந்து, இரண்டு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். மேலாக நனைந்திருந்ததை மூன்று கூடை வழித்து எடுத்துத் தனியே சாக்கில் பரப்பினார். என் தடங்களைக் கையாலேயே நிரவினார். அவர் நிரவ நிரவ என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்படி ஏறுனீங்க?" என்றார் அந்த அம்மா, முதல்முறையாக.

சொன்னேன். ஷூவைக் கழற்றியதையும் சொன்னேன், கொஞ்சமாவது எடுபடும் என்று.

"ஷூவக் கழட்டத் தோணிச்சு. ஓடாம நடக்கத் தோணல" என்றாள் என் மனைவி.

எட்டரைக்குக் கொள்முதல் அலுவலர் வந்தார். இளைஞர், கையில் ஈரம் பார்க்கும் கருவி. எடை போடுபவர்களும் சுமை தூக்குபவர்களும் வந்தார்கள். நான் ஈர உடையோடு, ஒற்றை ஷூவோடு, வீட்டுக்குப் போகாமல் ஓரமாக நின்றேன். மனைவி போகச் சொன்னாள். கால் நகரவில்லை. அலுவலர் குவியலைச் சுற்றி வந்தார். நின்றார்.

"நேத்து குறி போட்டிருந்துச்சே. யாரு கலைச்சது? யாரு ஏறுனது?"

கலைந்த குவியல் என்றால் முந்தின நாள் பார்த்த ஈரம் செல்லாது, வேறு நெல் கலந்திருக்கலாம் என்று சந்தேகம் வரும், எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கச் சொன்னால் அன்றைய எடை அவ்வளவுதான். நான் வாயைத் திறந்தேன்.

"நாயி சார்" என்றார் அந்த அம்மா. "டீ குடிக்கப் போன நேரத்துல மேல ஏறி, படுதாவ இழுத்து, ஒரே ரகளை."

அலுவலர் செவலையைப் பார்த்தார். செவலையும் அவரைப் பார்த்தது. மறுப்பதற்கு அதற்கு வழியில்லை.

கருவியைக் குவியலுக்குள் செருகினார். ஓரத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை. மூன்றாவதாக நான் படுத்திருந்த இடத்தில். அந்த மூன்றாவதுக்கு எண் வருவதற்கு முன் அந்த அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைப்பதற்குக் கையில் எதுவும் இல்லை. அலுவலர் திரையைப் பார்த்தார், வெயில் படாமல் கையால் மறைத்து இன்னொருமுறை பார்த்தார்.

"கொஞ்சம் ஏறியிருக்கு. பரவால்ல, அளவுக்குள்ளதான் இருக்கு. தூக்குங்க."

முதல் சாக்கு தராசில் ஏறியது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சுமை தூக்குபவர்கள் வேலையில் மும்முரமான பிறகு, அந்த அம்மாவின் பக்கத்தில் போய், மெதுவாகச் சொன்னேன். செய்தது நான், பழி அந்த வாயில்லா ஜீவன் மேல் விழுகிறது, மனசு கேட்கவில்லை, அலுவலரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று.

அவர் சாக்குகளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"மனுசன் ஏறுனான்னா ஏன் ஏறுனான், எவ்வளவு அள்ளுனான், எதக் கலந்தான்னு நூறு கேள்வி வரும் சார். நாயின்னா ஒரு கேள்வியும் இல்ல. கடைசி மூட்ட ஏறுற வரைக்கும் நீங்க பேசாம நாயாவே இருங்க."